கையில் ஒன்று எவ்வளவு வேகமாக நகரும்?

வாசகர் கேள்வி – பதில்

இரும எண்களைக் கூட்டும் மின்னணுச் சுற்றுகளான இருமக் கூட்டிகளைப் பற்றி இந்த முறை பல கடிதங்கள் சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் கூட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும், வேலையில் சேர்ந்த பிறகு சுற்றின் தாமதங்களைக் காட்டும் டைமிங் அறிக்கையைப் பார்த்துத் திகைத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கான பதில் அடுத்த கேள்விக்கு உதவும்படி அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன். கேட், பிட், கேரி போன்ற சொற்களை வகுப்பறையில் புழங்குகிற வடிவிலேயே எழுதுகிறேன். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம், கேட் என்பது பிட்டுகளை வாங்கி ஒரு பிட்டைத் தரும் சிறு தர்க்க உறுப்பு.

ரிப்பிள் கேரி கூட்டி மெதுவானது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. இரு எண்களின் எல்லா பிட்டுகளும் ஒரே நேரத்தில்தானே உள்ளே நுழைகின்றன? பிறகு தாமதம் எங்கிருந்து வருகிறது? — மின்னணுவியல் முதலாண்டு மாணவி

தாளில் கூட்டும்போது "எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்து போட்டுக் கையில் ஒன்று" என்கிறோம் அல்லவா, அந்தக் கையில் இருக்கும் ஒன்றுதான் கேரி. நுழைகிற பிட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்துவிடுகின்றன என்பது உண்மையே. ஆனால் ரிப்பிள் கூட்டியில் கையில் இருக்கும் ஒன்று வலக்கோடியில் பிறந்து, ஒவ்வோர் இடமாக இடப்பக்கம் நடந்து வர வேண்டியிருக்கிறது.

ஓர் எட்டு பிட் கூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 01111111 என்ற எண்ணுடன் (அதாவது 127) 00000001-ஐக் கூட்டுகிறோம். உள்ளீடுகள் வந்து சேர்ந்த அடுத்த கணத்தில் எந்தக் கேரியும் இன்னும் நகர்ந்திருக்காது. ஆகவே வெளியீட்டில் 01111110 நிற்கும், அது 126. முதல் கேரி அடுத்த இடத்துக்கு வந்ததும் அது 01111100 ஆகும். பிறகு 01111000, 01110000, 01100000, 01000000 என்று ஒன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போகும். கடைசிக்கு முந்தைய கணத்தில் வெளியீடு 00000000 என்று இருக்கும், அதாவது 127-உடன் 1-ஐக் கூட்டினால் பூஜ்யம் என்று சுற்று கூசாமல் சொல்லும். அதற்கு அடுத்த அடியில்தான் 10000000, அதாவது 128, வந்து நிற்கும். சரியான விடைக்கு முன்னால் ஏழு தவறான விடைகள் வந்து போகின்றன. சுற்றுக்கு வெளியே இருப்பவருக்கு எது இடைக்கால விடை, எது இறுதி விடை என்று தெரிய வழியில்லை என்பதால், மிக நீண்ட பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கிளாக் (சுற்றின் அடிகளை நடத்தும் துடிப்பு) காத்திருந்தே ஆக வேண்டும்.

கேரி ஒரு முழுக்கூட்டியை, அதாவது ஓர் இடத்தின் இரு பிட்டுகளையும் வருகிற கேரியையும் கூட்டும் சுற்றை, கடப்பதற்கு ஓர் ஆண்ட் கேட், ஓர் ஆர் கேட் என இரண்டு கேட்களின் நேரம் ஆகும். ஆகவே 64 பிட்டுக்கு ஏறத்தாழ 128 கேட் தாமதம். பிட்டுகளை இரட்டிப்பாக்கினால் தாமதமும் இரட்டிக்கும். இதனால் ரிப்பிள் கூட்டியை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. இருக்கும் கூட்டிகளிலேயே மிகச் சிறியது அதுதான், அவசரமில்லாத இடத்தில் அதைப் போடுவதே சரி.

கேரி லுக்-அஹெட் முறையில் எல்லாக் கேரிகளையும் நேரடியாகச் சூத்திரத்தில் எழுதிவிடலாம், இரண்டே கேட் அடுக்குகள் போதும் என்று படித்தேன். அப்படியானால் 64 பிட்டுக்கும் அதையே எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? — பாலிடெக்னிக் மாணவர்

சூத்திரத்தில் தவறில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு சமிக்ஞைகளை முன்கூட்டியே கணக்கிடலாம். இரு பிட்டுகளும் 1 என்றால் அந்த இடம் தானாகவே ஒரு கேரியை உண்டாக்கும். அதை ஜி என்போம். இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால், வருகிற கேரியை அப்படியே கடத்தும்; அது பி. இரண்டும் 0 என்றால் வருகிற கேரியை அந்த இடம் விழுங்கிவிடும். ஓர் இடத்திலிருந்து கேரி வெளியேறுகிறது என்றால், ஒன்று அது அங்கேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது வலப்பக்கம் எங்கேயோ பிறந்து, இடையிலுள்ள எல்லா இடங்களும் கடத்தி வந்திருக்க வேண்டும். இதை விரித்து எழுதுவதுதான் லுக்-அஹெட்.

நான்கு பிட் வரை இது அழகாக இருக்கும்: கடைசிக் கேரிக்கு ஐந்து உறுப்புகள், மிகப் பெரிய ஆண்ட் கேட்டுக்கு ஐந்து உள்ளீடுகள். இதையே 64 பிட்டுக்கு விரித்தால், கடைசிக் கேரிக்கு 65 உள்ளீடுகள் கொண்ட ஆண்ட் கேட் ஒன்றும், 65 உள்ளீடுகள் கொண்ட ஆர் கேட் ஒன்றும் வேண்டும். அதைவிட மோசமானது இன்னொன்று. நடுவில் இருக்கும் ஒரு பி சமிக்ஞையை எடுத்து, அது எத்தனை ஆண்ட் கேட்களுக்குள் நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டும். ஒரு சிறிய கேட் ஆயிரம் கேட்களைத் தள்ள முடியாது. தள்ள வைத்தால் அதற்குள் நேரம் போய்விடும். "இரண்டு அடுக்கு" என்பது தாளில் மட்டுமே இரண்டு அடுக்கு.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வரைந்தாலும் கடக்க முடியாத ஓர் எல்லையும் உண்டு. 64 பிட் கூட்டியின் கடைசிக் கேரி, இரு எண்களின் 128 பிட்டுகளையும் உள்ளே வரும் கேரியையும் சேர்த்து 129 உள்ளீடுகளைச் சார்ந்தது. இரண்டு உள்ளீட்டு கேட்கள் மட்டுமே கையில் இருந்தால், ஏழு அடுக்குகளில் 128 உள்ளீடுகளைத்தான் எட்ட முடியும். எனவே எட்டு அடுக்குக்குக் குறைவாக எவராலும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட கீழ் எல்லைகளை 1965-இல் வினோகிராட் முறையாக நிறுவினார். வேகக் கூட்டிகள் எல்லாம் 128-க்கும் எட்டுக்கும் இடையில் நடக்கும் போராட்டம்தான்.

நடைமுறையில் லுக்-அஹெட்டை நான்கு நான்காகக் குழு பிரித்து, குழுக்களுக்கு மேல் இன்னொரு லுக்-அஹெட்டை வைப்பார்கள். 1970-இல் வந்த 74181 என்ற நான்கு பிட் ஏ.எல்.யு. (கணக்கும் தர்க்கமும் செய்யும் பகுதி) சிப்பும், அதற்குத் துணையாக நான்கு சிப்களின் குழு ஜி, குழு பி ஆகியவற்றைச் சேர்த்துக் கேரிகளைத் தரும் 74182-உம் இந்த ஏற்பாட்டின் கச்சிதமான உதாரணங்கள். ஆய்வகத்தில் இந்தப் பழைய சிப்கள் கிடைத்தால் 16 பிட்டுக்கு இணைத்துப் பாருங்கள்; புத்தகத்தில் பத்து முறை படிப்பதைவிடப் பிடிபடும்.

ஐந்து வகைக் கூட்டிகளை ஒப்பிட்டுத் திட்டப்பணி செய்கிறோம். அடுக்குகளின் எண்ணிக்கைப்படி கோகி-ஸ்டோன்தான் முதலிடம். ஆனால் எங்கள் வழிகாட்டி, "அதை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள்" என்கிறார். ஏன்? — இறுதியாண்டு மாணவர்கள் மூவர்

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டிகளை ஒப்பிடும் அறிக்கைகளில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான்.

கோகி-ஸ்டோன், பிரெண்ட்-குங், ஸ்க்லான்ஸ்கி ஆகிய எல்லாமே ஒரே யோசனையின் வெவ்வேறு வரைபடங்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜி, ஒரு பி தெரியும். இரண்டையும் ஒட்டினால் வரும் பெரிய துண்டுக்கு: இடப்பக்கத் துண்டு தானே கேரியை உண்டாக்கினாலோ, அல்லது வலப்பக்கத் துண்டு உண்டாக்கியதை இடப்பக்கத் துண்டு கடத்தினாலோ ஜி உண்மை, இரண்டு துண்டுகளும் கடத்தினால் பி உண்மை. இந்த ஒட்டும் செயலுக்கு ஓர் அரிய குணம் இருக்கிறது: எந்த இரண்டை முதலில் ஒட்டினாலும் இறுதி விடை மாறாது, இட வலம் வரிசை மட்டும் மாறாமல் இருந்தால் போதும். ஆகவே வரிசையாக ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. மரம் போல ஒட்டலாம். எந்த மரம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள்.

64 பிட்டுக்குக் கணக்கைப் பாருங்கள். ஸ்க்லான்ஸ்கியின் 1960-ஆம் ஆண்டு யோசனையிலிருந்து வந்த மரத்தில் 6 அடுக்குகள், 192 ஒட்டு முனைகள். ஆனால் கடைசி அடுக்கில் ஒரே முனை 32 முனைகளுக்குச் சமிக்ஞை கொடுக்க வேண்டும். 1973-இல் வெளிவந்த கோகி-ஸ்டோன் மரத்திலும் 6 அடுக்குகளே. எந்த முனையும் இரண்டுக்கு மேல் சுமக்காது. அதற்கு விலையாக முனைகள் 321 ஆகின்றன. 1982-இல் பிரெண்ட், குங் இருவரும் தந்த மரத்தில் வெறும் 120 முனைகளே. ஆனால் அடுக்குகள் 10 அல்லது 11 (கடைசி அடுக்குகளை நெருக்கி வரைந்தால் 10). அந்தக் கட்டுரை, சிப்பின் மேல் சீராகப் படுக்கவைக்கக்கூடிய அமைப்பைத் தேடியது என்பதை மறந்துவிட்டு, "பிரெண்ட்-குங் மெதுவானது" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது நியாயமில்லை.

இனி உங்கள் அட்டவணையில் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன்: கம்பி. கோகி-ஸ்டோனின் கடைசி அடுக்கை ஒரு பெரிய தாளில் நீங்களே கையால் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு முனையும் தனக்கு 32 இடம் வலப்பக்கத்தில் இருக்கும் முனையிடமிருந்து சமிக்ஞையை வாங்குகிறது. ஆகவே கூட்டியின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால், 32 சமிக்ஞைகள் அதைக் குறுக்கே கடக்கும். முந்தைய அடுக்கில் 16, அதற்கு முன் 8. பென்சிலால் வரையும்போதே கை சலித்துப்போகும். சிப்பில் அந்தக் கம்பிகள் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. நீளமான கம்பியின் மின்தடையும் மின்தேக்கமும் நீளத்தோடு சேர்ந்து வளர்வதால், இடையில் பஃபர் (சமிக்ஞைக்கு வலுவூட்டும் கேட்) வைக்காத கம்பியின் தாமதம் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க கேட் வேகமாகிறது, கம்பி அந்த அளவுக்கு வேகமாவதில்லை. இப்போதைய சிப்களில் ஆறாவது அடுக்கின் நேரத்தில் கணிசமான பங்கு ஒட்டும் கேட்டுக்குப் போவதில்லை, அதற்கு முன்னால் வரும் நீளக் கம்பிக்கே போகிறது.

அடுக்கு, ஒரு முனை சுமக்கும் சுமை, கம்பித் தடங்கள் ஆகிய மூன்றையும் 2003-இல் டேவிட் ஹாரிஸ் ஒரே படத்தில் வைத்துக் காட்டினார். 64 பிட்டுக்கு 6 அடுக்கு என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் எத்தனை அடுக்கு கூடுகிறது, சுமை எத்தனை மடி இரட்டிக்கிறது, கம்பித் தடங்கள் எத்தனை மடி இரட்டிக்கின்றன என்று மூன்று எண்களை எழுதினால், நல்ல மரங்கள் எல்லாவற்றிலும் அவற்றின் கூட்டுத்தொகை 5-தான். ஸ்க்லான்ஸ்கி அந்த ஐந்தையும் சுமையில் செலவிடுகிறது, கோகி-ஸ்டோன் கம்பியில் செலவிடுகிறது, பிரெண்ட்-குங் அடுக்கில் செலவிடுகிறது. ஒன்றை அமுக்கினால் மற்றொன்று மேலே எழும். 1987-இல் வந்த ஹான்-கார்ல்சன் மரம் நடுவழியில் போகிறது: ஓர் அடுக்கு மட்டும் கூடுதல், மொத்தம் 7, அதற்குப் பதிலாகக் கோகி-ஸ்டோனின் 321 முனைகள் 192 ஆகவும், கம்பித் தடங்கள் 32-இலிருந்து 16 ஆகவும் குறைகின்றன. ஒரேயொரு கூட்டியைத் தேர்ந்தெடுக்கும்படி என்னைக் கேட்டால், அகலமான கூட்டிகளில் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே அறிக்கையில் "எது வேகமானது" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். ஒரே செல் நூலகம் (தயார் கேட்களின் தொகுப்பு), ஒரே வோல்டேஜ், ஒரே வெளியீட்டுச் சுமை ஆகியவற்றை வைத்து, பிளேஸ்மென்ட் (கேட்களை இடத்தில் வைப்பது), ரூட்டிங் (கம்பி இழுப்பது) இரண்டும் முடிந்த பிறகு அளந்த தாமதத்தை எழுதுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு புள்ளி மட்டும் வேண்டாம். டைமிங் இலக்கைப் படிப்படியாக இறுக்கி, தாமதத்துக்கு எதிராகப் பரப்பை ஒரு கோடாக வரையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். எங்கே வெட்டுகின்றன என்பதுதான் உங்கள் திட்டப்பணியின் முடிவு.

எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் நானே ஒரு 32 பிட் கோகி-ஸ்டோன் எழுதினேன். வெரிலாக் என்ற வன்பொருள் மொழியில் வெறும் கூட்டல் குறி போட்ட சுற்று அதைவிட வேகமாக ஓடுகிறது. எங்கே தவறு செய்தேன்? — வன்பொருள் வடிவமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்

தவறு எதுவும் இல்லை. உங்கள் கோட் சரியாகவே இருக்கலாம். எஃப்.பி.ஜி.ஏ. என்ற, வாங்கிய பிறகு நாமே சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்பில் கேரிக்கென்றே தனிப் பாதை பதிக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக ஸைலிங்ஸ் 7 சீரிஸில் ஒவ்வொரு ஸ்லைஸுக்குள்ளும் (சிப்பின் அடிப்படைக் கட்டம்) நான்கு பிட்டுக்கான கேரிச் சங்கிலி இருக்கிறது. அது மேலே உள்ள ஸ்லைஸோடு நேராக இணைந்திருக்கும். அந்தப் பாதையில் கேரி ஒரு பிட்டைக் கடக்கச் சில பத்து பிக்கோ நொடிகளே ஆகும். கூட்டல் குறியைப் பார்த்ததும், கோடைச் சுற்றாக மாற்றும் டூல் இந்தப் பாதையில் ஏறிக்கொள்கிறது.

உங்கள் கோகி-ஸ்டோனுக்கு அந்தப் பாதை கிடைப்பதில்லை. அதன் ஒவ்வோர் அடுக்கும் ஒரு லுக்-அப் டேபிளிலிருந்து (எஃப்.பி.ஜி.ஏ.வில் கேட்களின் வேலையைச் செய்யும் சிறு அட்டவணை) வெளியேறி, பொது ரூட்டிங் வழியாகச் சுற்றி, இன்னொரு லுக்-அப் டேபிளுக்குள் நுழைகிறது. அப்படி ஒரு முறை சுற்றி வர ஆகும் நேரத்தில் தனிப் பாதையில் போகும் கேரி பல பிட்டுகளைக் கடந்துவிடும். ஐந்து முறை தெருவில் இறங்கி ஏறுகிறவரைவிட, ஒரே ஓட்டமாக வாசல் வழியே போகிறவர் முந்துவது இயல்புதானே. அகலம் மிகப் பெரிதாகும்போது கணக்கு மாறலாம். அப்போதும் வழக்கமாகச் செய்வது, தனிப் பாதையிலேயே சிறு துண்டுகளாகக் கூட்டி அவற்றைக் கேரி செலக்ட் முறையில் (அடுத்த பதிலில் வருகிறது) இணைப்பது, அல்லது நடுவில் இடைவிடையைப் பிடித்துவைக்கும் ஒரு ரெஜிஸ்டர் வைத்து, வேலையைக் கிளாக்குகளுக்கு இடையே பிரித்துப் பைப்லைன் செய்வது. 2000-இல் வந்த பென்டியம் 4-இல் எளிய கணக்குகளுக்கான ஏ.எல்.யு., 32 பிட்டின் கீழ் 16 பிட்டை ஓர் அரைக் கிளாக்கிலும் மேல் 16 பிட்டை அடுத்த அரைக் கிளாக்கிலும் கூட்டியது. கேரியை வேகப்படுத்துவதற்குப் பதிலாக அதற்குப் பாதி வழியில் ஒரு நிறுத்தம் கொடுத்தார்கள்.

ஒரே வேலைக்கென்று செய்யப்படும் ஏ.எஸ்.ஐ.சி. சிப்பிலும் முதலில் கூட்டல் குறியைத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. டைமிங் இலக்கைக் கொடுத்தால் சின்தசிஸ் டூல் தேவையான மரத்தைத் தானே பொறுக்கிக்கொள்ளும். அது தோற்கும் இடத்தைப் பார்த்த பிறகு கையால் எழுதத் தொடங்கினாலும் தாமதமாகிவிடாது.

கேரி செலக்ட், கேரி ஸ்கிப் இரண்டிலும் பிளாக்குகளைச் சமமாகப் பிரிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்? இன்னொன்று: என் கேரி ஸ்கிப் கூட்டி ரிப்பிளைவிட மெதுவாக இருப்பதாக டைமிங் டூல் சொல்கிறது. — முதுநிலை மாணவி

கேரி செலக்ட் என்பது 1962-இல் பெட்ரிஜ் வெளியிட்ட முறை. ஒவ்வொரு பிளாக்கும் "கேரி 0 வந்தால் இந்த விடை, 1 வந்தால் அந்த விடை" என்று இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கும். முதல் பிளாக்குக்குக் கேரி உடனே தெரியும். கடைசி பிளாக்குக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். எப்படியும் காத்திருக்கப் போகிறவருக்குக் கூடுதல் வேலை கொடுப்பதில் நஷ்டமில்லை. ஆகவே 16 பிட்டை 4, 4, 4, 4 என்று பிரிப்பதைவிட 2, 2, 3, 4, 5 என்று வளரும்படி பிரிப்பது நல்லது. பெரும்பாலான பிளாக்குகளில் கூட்டி இரண்டு முறை இருப்பதால் பரப்பு கூடும் என்பதுதான் இதன் குறை.

கேரி ஸ்கிப்பில் கணக்கு வேறு. ஒரு பிளாக்கின் எல்லா இடங்களும் கடத்தும் நிலையில் இருந்தால், உள்ளே வரும் கேரி அந்த பிளாக்குக்குள் நுழையாமல் பக்கவாட்டில் தாண்டிவிடும். மிக மோசமான பயணம் எதுவென்று பாருங்கள்: கேரி முதல் பிளாக்கின் வலக்கோடியில் பிறந்து அந்த பிளாக் முழுதும் நடந்து, நடுவில் உள்ளவற்றைத் தாண்டி, கடைசி பிளாக்குக்குள் மறுபடியும் நடக்கிறது. நடை இருப்பது இரு கோடிகளிலும் மட்டுமே என்பதால் கோடி பிளாக்குகள் சிறியவையாகவும், நடு பிளாக்குகள் பெரியவையாகவும் இருக்க வேண்டும்.

இனி உங்கள் டூலுக்கு வருவோம். அது பொய் சொல்லவில்லை, ஆனால் நடக்கவே முடியாத ஒரு பாதையை அளந்துகொண்டிருக்கிறது. ஒரு கேரி ஒரு நடு பிளாக்கின் இந்தக் கோடியில் நுழைந்து, அதன் எல்லா இடங்களையும் நடந்தே கடந்து அந்தக் கோடியில் வெளியேற வேண்டும் என்றால், அங்கே எல்லா இடங்களும் கடத்தும் நிலையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஸ்கிப் வழி திறந்திருக்கும், அடுத்த பிளாக்குக்கு விடை ஏற்கெனவே போய்விட்டிருக்கும். உள்ளீடுகளின் மதிப்பைப் பார்க்காமல் கம்பிகளை மட்டும் பார்க்கும் டைமிங் டூலுக்கு இது தெரியாது. ரிப்பிள் பாதை முழுவதையும் கூட்டி, அதன் மேல் ஸ்கிப் கேட்களின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்லும். பொய்ப் பாதை என்பதற்குப் புத்தகங்கள் காட்டும் முதல் உதாரணமே கேரி ஸ்கிப்தான். அந்தப் பாதைகளைப் பொய்ப் பாதைகள் என்று டூலுக்கு அறிவித்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். ஆனால் அறிவிக்கும்போது கவனம் தேவை. மெய்யான பாதை ஒன்றையும் சேர்த்து அணைத்துவிட்டால் சிப் தயாராகி வந்த பிறகுதான் தெரியும்.

எட்டு எண்களைக் கூட்ட ஏழு வேகக் கூட்டிகள் தேவையா? — பெயர் வேண்டாம் என்றவர்

தேவையில்லை. மூன்று எண்களை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழுக்கூட்டியை வைத்து, கேரியை நகர விடாமல் தனி எண்ணாகவே எழுதிக்கொண்டால், மூன்று எண்கள் ஒரு முழுக்கூட்டியின் நேரத்தில் இரண்டாகிவிடும். இது கேரி சேவ். எட்டு எண்கள் இப்படி ஆறாகி, நான்காகி, மூன்றாகி, இரண்டாகும்: நான்கே அடுக்குகள். கடைசி இரண்டைக் கூட்ட மட்டும் ஒரு வேகக் கூட்டி போதும். 1964-இல் வாலஸும் 1965-இல் தத்தாவும் பெருக்கிகளுக்குத் தந்த மரங்கள் இந்த அடிப்படையில் எழுந்தவைதான்.

கேரியை முன்கூட்டியே அறியும் யோசனை கணினிக் காலத்தில்தான் பிறந்ததா? — ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

இல்லை ஐயா, மின்சாரமே இல்லாத சுற்றில் பிறந்தது. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்காகப் பல் சக்கரங்களை வடிவமைத்தபோது, கையில் இருக்கும் ஒன்று சக்கரம் சக்கரமாக நகர ஆகும் நேரம் அவரை உறுத்தியது. ஒன்பதில் நிற்கும் சக்கரம் எதுவோ அது வருகிற ஒன்றை அப்படியே கடத்தும் என்பதைக் கண்டு, எல்லாச் சக்கரங்களும் ஒரே அசைவில் கேரியை வாங்கிக்கொள்ளும் ஓர் அமைப்பை வரைந்தார். நாம் இன்று பி என்று எழுதும் சமிக்ஞைதான் அவருடைய ஒன்பதில் நிற்கும் சக்கரம். மின்னணுக் கணினிகளுக்கான லுக்-அஹெட்டை அமெரிக்க தேசியத் தர நிர்ணய அலுவலகத்தின் (என்.பி.எஸ்.) வெயின்பெர்கரும் ஸ்மித்தும் 1950-களில் முறைப்படுத்தினார்கள்.

எங்கள் 64 பிட் கூட்டியைப் பத்து லட்சம் ரேண்டம் எண்களைக் கொடுத்துச் சோதித்தோம், ஒரு பிழையும் இல்லை. இது போதுமா? — சோதனைப் பிரிவில் பணிபுரிபவர்

போதாது. கேரி நீண்ட தூரம் நடப்பது மிக அரிது என்பதே காரணம். ரேண்டம் எண்களில் ஓர் இடம் கேரியைக் கடத்த இரண்டில் ஒரு வாய்ப்பு, உண்டாக்க நான்கில் ஒரு வாய்ப்பு, விழுங்க நான்கில் ஒரு வாய்ப்பு. நடக்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் வாய்ப்பு பாதியாகிக்கொண்டே போகும். 1946-இலேயே பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நியூமன் மூவரும் இதைக் கணக்கிட்டார்கள்: மிக நீண்ட கேரிச் சங்கிலியின் சராசரி நீளம், பிட்டுகளின் எண்ணிக்கைக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையைத் தாண்டாது. 64 பிட்டுக்கு அது வெறும் 6. இந்தச் சராசரியை நம்பி, விடை முடிந்ததைத் தானே அறிவிக்கும் கிளாக் இல்லாத கூட்டிகளையும் செய்திருக்கிறார்கள்.

சோதனைக்கு வரும்போது இந்த நல்ல செய்தியே கெட்ட செய்தியாகிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் கேரி பிறந்து அடுத்த 40 இடங்களையும் கடக்கும் வாய்ப்பு, ஏறத்தாழ 4.4 லட்சம் கோடியில் ஒன்று. பிறக்கும் இடம் எதுவாக இருந்தாலும் சரி என்று விட்டாலும், உங்கள் பத்து லட்சம் சோதனைகளில் ஒன்றுகூட அவ்வளவு தூரம் கேரியை நடக்கவிட்டிருக்காது. கோகி-ஸ்டோனின் கடைசி அடுக்கில் ஒரு நீளக் கம்பி தவறான முனையில் இணைந்திருந்தாலும் உங்கள் சோதனை பச்சை விளக்கையே காட்டியிருக்கும்.

ஆகவே நீண்ட சங்கிலிகளை நீங்களே உண்டாக்குங்கள். ஒவ்வோர் இடத்தையும் பிறப்பிடமாக எடுத்து, அதில் இரு எண்களிலும் 1 வையுங்கள். அதற்கு இடப்பக்கம் கடத்த வேண்டிய இடங்களில் ஓர் எண்ணில் 1, மற்றதில் 0. முடிய வேண்டிய இடத்தில் இரண்டிலும் 0. பிறப்பிடம், முடிவிடம் ஆகிய எல்லாச் சோடிகளையும் எடுத்தாலும் 64 பிட்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சோதனைகள்தான். பிறகு அதே சோடிகளில் 1-ஐயும் 0-ஐயும் இரு எண்களுக்கும் இடையே மாற்றி மாற்றி வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள், உள்ளே வரும் கேரியை 1 ஆக வைத்து மூன்றாவது முறையும் ஓட்டுங்கள். கழித்தலுக்கும் அதே கூட்டியைப் பயன்படுத்தினால் அந்த மூன்றாவது ஓட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. ஓர் எண்ணைப் புரட்டிப் போட்டு உள்ளே வரும் கேரியை 1 ஆக வைப்பதுதான் கழித்தல், சமமான இரு எண்களைக் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேரி 64 இடங்களையும் கடந்தே வெளியேறும்.